எண்ணிய நாட்களும் எண்ணிய நோட்டுகளும்: ரஷ்ய நகரங்களுக்கு இரண்டாவது பயணம்

நானும் என் மனைவியும் முதன்முறை ரஷ்யா சென்றது 2018 மே மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு சுற்றுலாக் குழுவோடு. எட்டு நாட்களில் மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் முடிந்துவிட்டன. பார்த்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் ஒரு மஞ்சள் கொடியின் பின்னால் நடந்தோம். மெட்ரோவில் மூன்று நிலையங்களில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டோம். ஒவ்வோர் இரவும் பேருந்தில் ஏற்றிச் சென்று ஏதாவது ஓர் இந்திய உணவகத்தில் பன்னீர் கறி கொடுத்தார்கள். திரும்பும் விமானத்திலேயே, இன்னொரு முறை வருவதென்றால் யார் கொடியின் பின்னாலும் வரக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

அந்த இன்னொரு முறை வாய்க்க ஆறு ஆண்டுகள் ஆயின. நடுவில் கொரோனா வந்தது, போர் வந்தது, நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். 2024 செப்டம்பரில் மாஸ்கோ, நிஷ்னி நோவ்கொரோட், கசான், பீட்டர்ஸ்பர்க் ஆகிய நான்கு நகரங்களுக்கு, முகவர் எவரும் இல்லாமல், திருச்சியில் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே திட்டம் போட்டுப் போய் வந்தோம். முதல் பயணத்தின் அனுபவம் இதற்கு உதவும் என்று நினைத்திருந்தேன். நகரங்களின் அழகு நினைவிருந்ததே தவிர, நடைமுறை என்று நான் நினைவில் வைத்திருந்தவற்றில் பாதி செல்லாக்காசாகியிருந்தது.

மாறியவற்றில் நல்ல மாற்றம் விசா. 2018இல் ரஷ்ய நிறுவனம் ஒன்றின் அழைப்புக் கடிதம் வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டு 1 முதல் இந்தியா உள்ளிட்ட 55 நாட்டினருக்கு இ-விசா கிடைக்கிறது. அழைப்புக் கடிதம் தேவையில்லை. தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. 52 டாலர் கட்டணத்தை இங்கிருந்தே அட்டையில் செலுத்தினோம். நான்கே நாட்களில் வந்துவிட்டது. நாங்கள் போனபோது அது 60 நாள் செல்லுபடியாகும், அதற்குள் 16 நாள் தங்கலாம், ஒரு முறைதான் நுழையலாம். 2025 ஆகஸ்டிலிருந்து அது 120 நாள், 30 நாள் என்று நீட்டிக்கப்பட்டிருப்பதால் இன்று போகிறவர்களுக்கு எங்கள் அளவுக்கு நெருக்கடி இருக்காது. ஆனால் நாட்களை எண்ணும் முறையைத் தெரிந்துகொள்ளாவிட்டால் முப்பது நாளிலும் அதே தவறைச் செய்யலாம்.

அந்தத் தவறை நான் செய்தேன். செப்டம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை மாலை மாஸ்கோவில் இறங்குவது, 23ஆம் தேதி இரவு பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து புறப்படுவது என்று பயணச்சீட்டு வாங்கிவிட்டுப் பதினாறு நாளும் சரியாக வருகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சீட்டை அச்செடுத்துப் படித்த என் மனைவி, "ஏங்க, இதுல பன்னெண்டு ஐம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே, அது 24ஆம் தேதி ஆகாதா?" என்று கேட்டார். ஆகும். இ-விசாவில் நாள் என்பது இருபத்து நான்கு மணி நேரம் அல்ல, நாட்காட்டி நாள். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அன்று முதல் நாள். நள்ளிரவு தாண்டினால் அடுத்த நாள். கடவுச்சீட்டுச் சோதனையை நள்ளிரவுக்கு முன்பே முடித்துவிட்டால் போதுமே என்று வாதாடிப் பார்த்தேன். அங்கே வரிசை நீண்டுவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆளுக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டி 23ஆம் தேதி பகல் விமானத்துக்கு மாற்றினேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வட்டிக்கு நாள் கணக்குப் போட்ட ஒருவனுக்கு இது தேவைதான்.

பெயர் விஷயமும் நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. என் மனைவியின் பழைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. விசாப் படிவம், விமானச் சீட்டு, ரயில் சீட்டு, விடுதிப் பதிவு என ஒவ்வொன்றும் இரண்டு பெயர்களைக் கேட்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இட்டு நிரப்பினால் எங்காவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்வோம். எப்படியும் அது காலாவதியாகும் நிலையில் இருந்ததால், புதுப்பிக்கும்போதே தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து வாங்கினோம். ரஷ்யர்களும் தம் பெயரோடு தந்தையின் பெயரைச் சேர்த்தே வழங்குகிறவர்கள் என்பதால், நம் இனிஷியலின் பொருளைக் கசான் விடுதியில் இருந்த பெண்ணுக்கு விளக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இதையே பத்து நிமிடம் விளக்கியிருக்கிறேன்.

இனி பணம். இந்தப் பயணத்தில் மற்ற எல்லாத் திட்டங்களும் இதைச் சுற்றித்தான் அமைந்தன. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு என்னும் அட்டை நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்திக்கொண்டதால், வெளிநாட்டில் வழங்கப்பட்ட அந்த அட்டைகள் அங்கே கடையிலும் செல்லாது, ஏடிஎம்மிலும் பணம் தராது. வாழ்நாள் முழுவதும் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, வங்கி அட்டை வெறும் பிளாஸ்டிக் துண்டாகிவிடும் நாட்டில் பதினாறு நாள் இருக்கப்போகிறோம் என்ற எண்ணமே முதலில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கையில் கொண்டுபோவதுதான் பணம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே புறப்படும் முன்பே ஒவ்வொரு நாளின் செலவையும் எழுதிக் கூட்ட வேண்டியிருந்தது. எழுதத் தொடங்கிய பிறகுதான், அந்த வரவு செலவுப் பட்டியலே பயணத் திட்டமாக மாறிவிடுவதைக் கண்டேன். எந்த நாளில் எந்த அருங்காட்சியகம், எந்த ஊரில் எத்தனை வேளை வெளியே சாப்பாடு, எந்த இரவு ரயிலில் என்பதெல்லாம் தெளிவாகாமல் தொகை தெளிவாகாது.

முன்கூட்டியே செலுத்தக்கூடிய எல்லாவற்றையும் இங்கிருந்தே செலுத்திவிட்டு, மீதிக்கு டாலர் நோட்டு எடுத்துச் செல்வது என்று முடிவு செய்தோம். இருவருக்கும் சேர்த்து, அவசரத் தேவைக்கான தொகையும் உட்பட, 3,600 டாலர் கணக்கு வந்தது. அதை என் பெயரில் வாங்கப் போனபோது அந்நியச் செலாவணிக் கடையில் இருந்த இளைஞர், ஒருவருக்கு 3,000 டாலருக்கு மேல் நோட்டாகத் தர முடியாது, மீதியை ஃபாரெக்ஸ் கார்டில்தான் ஏற்றித் தருவோம் என்றார். பொதுவான விதி அதுதான். ஆனால் ஈரான், ரஷ்யா, முன்னாள் சோவியத் குடியரசுகள் சில ஆகியவற்றுக்குப் போகிறவர்கள் தங்கள் தொகை முழுவதையும் நோட்டாகவே பெறலாம் என்று ரிசர்வ் வங்கி விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கு இருக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் எண்ணத் தொடங்கினார்.

அங்கேயே இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கத் தவறினேன். மாஸ்கோவில் திங்கட்கிழமை காலை ஒரு வங்கிக் கிளையில் வரிசை எண் எடுத்துக் காத்திருந்து 800 டாலரை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் ஒவ்வொரு நூறு டாலர் நோட்டையும் விளக்கின் கீழ் பிடித்து, புரட்டி, விரலால் ஓரங்களைத் தடவிப் பார்த்தார். இரண்டு நோட்டுகளை மட்டும் தனியாக எடுத்துத் திருப்பித் தள்ளினார். ஒன்றின் ஓரத்தில், யாரோ ஒரு வியாபாரி குத்திய கடுகளவு நீல மை முத்திரை. இன்னொன்றின் மூலையில் ஒரு நூல் நீளக் கிழிசல். நான் காசாளராக இருந்த காலத்தில் எத்தனை பேரிடம் இதே போல நோட்டைத் திருப்பித் தள்ளியிருப்பேன் என்ற நினைவு வந்து சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. அந்த இரண்டு நோட்டுகளும் ரஷ்யாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருச்சிக்கே திரும்பி வந்தன. டாலர் வாங்கும்போது, புதிய வரிசையைச் சேர்ந்த, மடிப்பும் மையும் இல்லாத நோட்டுகளாக ஒவ்வொன்றையும் பார்த்து வாங்குங்கள். மாற்று விகிதப் பலகையில் 'பகூப்கா' என்ற சொல்லின் கீழ் இருப்பதுதான் அவர்கள் நம்மிடமிருந்து வாங்கும் விலை. விமான நிலையத்தில் விகிதம் மோசமாக இருந்தது. ஆனால் நாங்கள் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு நாள் செலவுக்காக 50 டாலரை அங்கே மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. அப்போது ஒரு ரூபிள் ஏறத்தாழ ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்பதால் மனக்கணக்குக்குச் சிரமமே இல்லை.

வங்கியில் பெரிய தொகைக்கு 5,000 ரூபிள் நோட்டுகளாகக் கொடுத்துவிடுவார்கள். சின்னக் கடையில், ரயிலில், தேவாலய வாசலில் அதை யாரும் வாங்க மாட்டார்கள். பெரிய பல்பொருள் அங்காடிகளில் அதை முறித்துக்கொண்டு, நூறு, ஐந்நூறு நோட்டுகளைத் தனியாக வைத்திருந்தோம்.

விடுதி பதிவு செய்வதில் நாங்கள் வழக்கமாக நாடும் பன்னாட்டுத் தளங்கள் ரஷ்யாவிலிருந்து விலகிவிட்டதால், ரஷ்ய விடுதிகளைக் காட்டும் வேறு தளங்களில்தான் தேட வேண்டும். எல்லா விடுதியும் வெளிநாட்டவரை ஏற்பதில்லை. ஏற்கும் விடுதிகள் நம் வருகையைக் குடிவரவுத் துறையில் தாமே பதிவு செய்து ஒரு சீட்டுத் தருவார்கள். தனியார் வீட்டை வாடகைக்கு எடுத்தால் அந்தப் பதிவு வீட்டுக்காரரின் தயவில் இருக்கும் என்பதால் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அந்தச் சீட்டையும், நுழையும்போது தரும் குடிவரவு அட்டையையும் வெளியேறும் வரை கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். நிஷ்னியில் நாங்கள் பதிவு செய்திருந்த விடுதியில், ரொக்கம் வாங்கும் இயந்திரம் பழுது, அட்டை மட்டும்தான் என்றார்கள். இரவு ஒன்பது மணி, மழை வேறு. கடைசியில் வரவேற்பில் இருந்த பெண் தன் சொந்த அட்டையில் செலுத்திவிட்டு எங்களிடம் நோட்டுகளை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு, வந்து பணம் கட்டுவதாகப் பதிவு செய்த ஒவ்வொரு விடுதிக்கும் 'ரொக்கமாகத் தருவோம், சரிதானா' என்று முன்கூட்டியே எழுதிப் பதில் வாங்கினோம்.

ரயில் சீட்டுகளை ரஷ்ய ரயில்வேயின் தளத்தில் நம் அட்டையால் வாங்க இயலாது. சற்றுக் கூடுதல் கட்டணம் வாங்கும் இடைத்தரகுத் தளத்தில் வாங்கினோம். சீட்டு நம் கடவுச்சீட்டு எண்ணோடு இணைந்திருப்பதால், பெட்டி வாசலில் நடத்துநர் பார்ப்பது கடவுச்சீட்டைத்தான். எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் ஏற முடியாது. மாஸ்கோவில் பத்து ரயில் முனையங்கள் இருக்கின்றன. என்னிடம் இருந்த பழைய வழிகாட்டிப் புத்தகம் நிஷ்னிக்குப் போகும் வேக ரயில்கள் கூர்ஸ்கி முனையத்திலிருந்து புறப்படும் என்றது. எங்கள் சீட்டில் இருந்ததோ வஸ்தோச்னி. 2021இல்தான் திறக்கப்பட்ட முனையம் அது. முந்தின இரவு சும்மா ஒரு முறை சரிபார்த்ததால் தப்பித்தோம்.

நிஷ்னியைத் தேர்ந்தெடுத்ததற்கு, அது மாஸ்கோவிலிருந்து நான்கு மணி நேர ரயில் தொலைவில் கசான் போகும் வழியிலேயே இருந்தது ஒரு காரணம். 1932 முதல் 1990 வரை கார்க்கி என்ற பெயரில் இருந்த, சோவியத் காலத்தில் வெளிநாட்டவர் நுழைய முடியாதிருந்த அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். கோட்டை மேட்டிலிருந்து பார்த்தால் ஓகா ஆறு வோல்காவில் கலப்பது தெரியும். வோல்காவைக் கடந்து போர் என்ற எதிர்க்கரை ஊருக்கு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் கம்பிவட ஊர்தி ஒன்று ஓடுகிறது. சுற்றுலாவுக்காக மட்டும் அல்ல, அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களுக்காகவும் ஓடுவது. மளிகைப் பையோடு ஏறிய ஒரு பாட்டியின் எதிரில் அமர்ந்து, கீழே நீரின் மேல் ஊர்தியின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே போனோம். நான்கு நகரங்களிலும் மிகக் குறைந்த செலவில் கிடைத்த மகிழ்ச்சி இதுதான்.

நிஷ்னியிலிருந்து கசானுக்கு இரவு ரயிலில் 'கூப்பே' என்னும் நான்கு படுக்கை அறையில் கீழ்ப் படுக்கை இரண்டும் கேட்டு வாங்கினோம். 'பிளாத்ஸ்கார்த்' என்னும் திறந்த பெட்டி மலிவு; நம் ஸ்லீப்பர் வகுப்புப் பழகியவர்களுக்கு அதுவே போதும். பெட்டியின் ஒரு முனையில் எந்நேரமும் வெந்நீர் கொதிக்கும் கொப்பரை இருக்கும். என் மனைவி கொண்டுவந்திருந்த அவலை அதில் நனைத்து உப்பும் எலுமிச்சை ஊறுகாயும் சேர்த்துச் சாப்பிட்டோம். நடத்துநர் பெண்மணி, பூவேலை செய்த உலோகப் பிடியில் செருகிய கண்ணாடிக் குவளையில் தேநீர் கொண்டுவந்தார். ரயில் வளைவில் திரும்பும்போதெல்லாம் கரண்டி குவளையில் பட்டு மணி போல ஒலித்தது. காசு கொடுக்க ஐயாயிரம் நோட்டை எடுத்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் மேலே சொன்ன சில்லறைப் பாடத்தைக் கற்றேன்.

சைவ உணவுக்காக நான் பட்ட கவலை வீண். 'ஸ்தலோவயா' என்னும் சாப்பாட்டுக் கூடங்களில் தட்டை ஏந்திக்கொண்டு வேண்டியதைச் சுட்டிக் காட்டினால் போதும். ரஷ்ய மொழி தேவையில்லை. ஆனால் பீட்ரூட் சூப்பில் இறைச்சித் துண்டு இல்லாவிட்டாலும் இறைச்சிச் சாறு இருக்கும். அங்கே நமக்குக் கைகொடுக்கும் சொல் 'போஸ்னயே', அதாவது திருச்சபையின் நோன்பு நாளுக்கான உணவு. 'வெஜிடேரியன்' என்பதற்கு மீன் வைத்தவர்கள்கூட அந்தச் சொல்லைச் சொன்னதும் புரிந்துகொண்டார்கள். கசானில் உருளைக்கிழங்கு மசியலை மெல்லிய ரொட்டியில் மடித்துத் தரும் 'கிஸ்திபி' கிடைத்தது. அந்தப் பகுதி மக்களான தாத்தாரியர்கள் தேநீரில் பால் சேர்ப்பவர்கள் என்பதால் நல்ல சாயாவும் கிடைத்தது. 2005இல் திறக்கப்பட்ட குல் ஷரிஃப் பள்ளிவாசலும் பழைய தேவாலயமும் ஒரே கோட்டைக்குள் நிற்கும் அந்த ஊரில், அங்கே மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் சிலரைத் தெருவிலேயே சந்தித்தோம். தமிழ் காதில் விழுந்ததும் நின்றுவிட்டார்கள்.

போரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. எல்லையை ஒட்டிய தென்பகுதியை நாங்கள் தவிர்த்தோம். இருந்தாலும், மாஸ்கோவில் இருந்த செவ்வாய்க்கிழமை காலை, ட்ரோன் தாக்குதலால் நகரின் சில விமான நிலையங்கள் சில மணி நேரம் மூடப்பட்டன. தெருவில் பதற்றம் எதையும் நாங்கள் காணவில்லை. ஆனால் அன்று பறக்க வேண்டியிருந்தவர்களின் நிலையை நினைத்துக்கொண்டோம். உள்நாட்டு விமானமும் ஊர் திரும்பும் விமானமும் ஒரே நாளில் வருமாறு யாரும் திட்டமிட வேண்டாம். கசானிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு நாங்கள் பறந்தது புறப்பாட்டுக்கு ஐந்து நாள் முன்பு. பயணக் காப்பீட்டிலும் ரஷ்யா பட்டியலில் இருக்கிறதா, எவற்றுக்கு விலக்கு என்பதைப் பொடி எழுத்து வரை படித்துவிட்டே வாங்க வேண்டும்.

கைபேசி விஷயத்தில் என் அனுபவம் இன்று பயன்படாது. நான் கடவுச்சீட்டைக் காட்டிக் கடையில் சிம் வாங்கினேன். 2025 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவர் உடற்கூற்று அடையாளப் பதிவு உள்ளிட்ட பல படிகளைத் தாண்ட வேண்டும். 2025இல் பல நகரங்களில் கைபேசி இணையம் அவ்வப்போது நிறுத்தப்பட்டது; வாட்ஸ்அப் அழைப்புகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆகவே வரைபடம், மொழிபெயர்ப்பு, சீட்டுகள் எல்லாவற்றையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கி வைத்து, காகிதத்திலும் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய எழுத்துகளை ஒரு வாரம் உட்கார்ந்து கற்றது எனக்கு எந்தச் செயலியையும்விட உதவியது. ஆங்கிலப் 'பி' (P) போலத் தெரிவது 'ர்', 'சி' (C) போன்றது 'ஸ்', 'எச்' (H) போன்றது 'ந்'. முதல் பயணத்தில் ஊரெல்லாம் 'பெக்டோபா' என்று ஏதோ ஒரு கடைக்குக் கிளைகள் இருப்பதாக நினைத்திருந்தேன். அது ரெஸ்தரான், அதாவது உணவகம்.

பீட்டர்ஸ்பர்க்கில் ஐந்து இரவுகள் தங்கினோம். ஹெர்மிடாஜுக்குத் திங்கள் விடுமுறை, ரஷ்ய அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய், மாஸ்கோவின் கிரெம்ளினுக்கு வியாழன். குழுவில் போகும்போது இதை வேறொருவர் கவனித்துக்கொள்வார், தனியே போகும்போது கிழமைகளை வைத்துத்தான் ஊர்களின் வரிசையையே அமைக்க வேண்டும். கப்பல் போக்குவரத்துக் காலத்தில் நள்ளிரவுக்குப் பின் நேவா ஆற்றின் பாலங்கள் தூக்கப்படுவதால், விடுதியை நகர மையம் இருக்கும் கரையிலேயே பார்த்தோம். செப்டம்பர் இறுதியில் அறை குளிரும்; சராசரி வெப்பம் தொடர்ந்து ஐந்து நாள் 8 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் நகரின் பொது வெப்பமூட்டலைத் தொடங்குவார்கள். சுவரில் இருந்த இரும்புக் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஏமாந்த நாங்கள், இரண்டாம் நாள் கம்பளிக் காலுறை வாங்கினோம்.

ஹெர்மிடாஜில் ஒரு முழு நாளை ரெம்பிராண்டின் ஓவியங்கள் இருக்கும் அறைக்கும் அதை அடுத்த சில அறைகளுக்கும் மட்டும் ஒதுக்கினோம். பதினோரு மணிக்குள் மூன்று மஞ்சள் கொடிகள் எங்களைக் கடந்து போயின. என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

'கடைசி நாள்' என்று எழுதி ஒட்டிய உறையில் வைத்திருந்த 400 டாலர் பிரிக்கப்படாமலே ஊர் வந்து சேர்ந்தது. திரும்பிய பின் 2,000 டாலர் வரை நோட்டாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி; எனவே உறையை அப்படியே பீரோவில் வைத்திருக்கிறேன். மிஞ்சிய ஓர் ஆயிரம் ரூபிள் நோட்டை மாற்றிக்கொள்ளத் திருச்சியில் ஆள் இல்லை. அதில் அச்சிட்டிருக்கும் ஊர் யாரொஸ்லாவ்ல்; மாஸ்கோவிலிருந்து ரயிலில் எவ்வளவு நேரம் என்று என் மனைவி சென்ற வாரம் கேட்டார்.